ரகசியமும் கூட்டமும் வரும் குறுக்கெழுத்துக் குறிப்புகளை அவிழ்ப்பது எப்படி?

சங்கேதக் குறுக்கெழுத்து, அதாவது பொருளை நேராகக் கேட்காமல் சொல் விளையாட்டில் விடையை ஒளித்துக் கேட்கும் புதிர், போடத் தொடங்கிய முதல் ஏழெட்டு மாதம் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொண்டிருந்தேன். விடை பூவாகவோ பழமாகவோ ஊர்ப்பெயராகவோ இருந்தால் எப்படியோ பிடித்துவிடுவேன். குறிப்பில் 'ரகசியம்', 'மறைந்த', 'பதுங்கிய', 'கூட்டம்' என்று ஒரு சொல் தலைகாட்டினால் பென்சில் நின்றுவிடும். அந்தச் சொல்லுக்கு இணையான சொற்களை வரிசையாக எழுதிப் பார்ப்பேன். ஒன்றும் கட்டத்தில் உட்காராது. மறுமாதம் விடை வந்த பிறகுதான், அந்தச் சொல் விடையின் பொருளே இல்லை, எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு இடப்பட்ட கட்டளை என்பது புரியும். சரி என்று அடுத்த மாதம் அதே சொல்லைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு தேடினால், அந்த முறை அது பொருளாக இருக்கும்.

இதை யாராவது முதலிலேயே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அத்தனை மாதம் வீணாகியிருக்காது. நீங்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கீழே வரும் குறிப்புகள் எல்லாம், நான் தடுமாறியவற்றின் சாயலில் இந்தக் கட்டுரைக்காக நானே அமைத்தவை. விளக்கத்தைப் படிக்கும்முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கொடுத்துப் பாருங்கள்.

1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு பென்சில், நல்ல அழிப்பான், கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று. நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பேனாவால் நிரப்பாதீர்கள். ஏன் என்று எட்டாவது படியில் தெரியும்.

அகராதி கட்டாயம் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தளத்தில் காசில்லாமல் தேடலாம். பழைய பொருள்களுக்கு அதுதான். இன்றைய வழக்குக்கு 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'. வாங்க முடியாதவர்கள் நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம், தினமும் தேவைப்படாது.

பலர் சொல்லாத மூன்றாவது ஒன்று உண்டு: நிகண்டு, அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல். சூடாமணி நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள். அதில் பதினோராவது தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது. இரட்டைப் பொருள் குறிப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான கையேடு எனக்குத் தெரியவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நிகண்டுகளைப் படிக்கலாம்.

பழகுவதற்குப் புதிர்கள் வேண்டுமே. அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் நல்ல தொடக்கம். எந்த இதழின் புதிரை எடுத்தாலும் விடை எங்கே வந்திருக்கிறது என்பதையும் முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். விடை கிடைக்காத புதிரோடு மல்லுக்கட்டினால் தவறு எங்கே என்று தெரியாமலே போய்விடும்.

2. எழுத்தை எண்ணுங்கள்

குறிப்பின் முடிவில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பதைச் சொல்கிறது. தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு கட்டம். 'கொ' பார்வைக்கு மூன்று வடிவம், ஆனால் ஒரே எழுத்து. 'ஸ்ரீ'யும் ஒரே கட்டத்தில்தான் உட்காரும்.

இந்தத் தலைப்பில் அடிக்கடி வரும் சறுக்கல் ஒன்று: ரகசியம் ஐந்து எழுத்து, இரகசியம் ஆறு. ஐந்து கட்டம் பார்த்துவிட்டு, 'ரகசியம் என்று ரகரத்தில் தொடங்கி எழுதமாட்டார்கள்' என்று ஒதுக்காதீர்கள். இரண்டு வடிவமும் புதிர்களில் வரும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பட்டியல் தொடங்கி எழுத்து எண்ணிக்கைப்படி வளர்த்து வாருங்கள். ரகசியத்துக்கு: மறை (2), களவு, கரவு (3), மர்மம், பூடகம் (4), கமுக்கம், சூட்சுமம் (5), அந்தரங்கம் (7). கூட்டத்துக்கு: அணி, படை, அவை, சபை, குழு (2), கணம், குழாம், கட்சி, பாசறை (3), சங்கம், கழகம், மன்றம், கும்பல் (4), பட்டாளம், பரிவாரம் (5). ஆறு மாதத்தில் என்னுடைய பட்டியல் இரண்டு பக்கம் ஆனது. அகராதியைத் திறக்கும் தேவை பாதியாகக் குறைந்தது.

3. குறிப்பை இரண்டாக வெட்டுங்கள்

எந்தச் சங்கேதக் குறிப்பிலும் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று விடையின் நேரடிப் பொருள். மற்றொன்று பெரும்பாலும் அதே விடையை எழுத்துகளிலிருந்து கட்டும் வழி; இரட்டைப் பொருள் குறிப்புகளில் மட்டும் அதுவும் இன்னொரு பொருளாக இருக்கும். நேரடிப் பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் இருக்காது. ஆகவே குறிப்பைப் படித்ததும் முதல் சொல்லின் கீழ் ஒரு கோடு, கடைசிச் சொல்லின் கீழ் ஒரு கோடு. இரண்டில் ஒன்று பொருள்.

குறிப்பு ஒரு வாக்கியமாகக் காட்டும் காட்சியை நம்பவே கூடாது. அரசன், திருமணம், முந்தானை, யமன் என்று கதை போல வரும். கதை உங்களைத் திசைதிருப்புவதற்காக மட்டுமே.

4. கட்டளையா, பொருளா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மறைவு, ரகசியம், கூட்டம், கலவரம் தொடர்பான சொற்கள் புதிர் அமைப்பவரின் கருவிப்பெட்டியில் இருக்கும் சொற்களும்கூட. 'பதுங்கிய' என்றால், 'விடை இந்தச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது, எடுத்துக்கொள்' என்று அர்த்தமாக இருக்கலாம். 'தலைமறைவு' என்றால் முதல் எழுத்தை நீக்கச் சொல்வதாக இருக்கலாம். 'கலவரம்' என்றால் எழுத்துகளைக் கலைத்துப் போடச் சொல்வதாக இருக்கலாம். 'மாறுவேடம்' என்பதும் அப்படியே. 'கூட்டு' என்றால் இரண்டு துண்டுகளைச் சேர்க்கச் சொல்வதாக இருக்கலாம், பந்தியில் பரிமாறும் கூட்டாகவும் இருக்கலாம்.

நான் இப்போது செய்வது இதுதான். இப்படிப்பட்ட சொல் ஒன்றைக் கண்டதும் அதைச் சுற்றி வட்டம் போடுவேன். அது குறிப்பின் ஓரத்தில் இருந்தால் பொருளாக இருக்க வாய்ப்புண்டு. நடுவில் இருந்தால் அநேகமாகக் கட்டளை. ஓரத்தில் இருந்தால் மட்டும் இரண்டு விதமாகவும் முயன்று பார்ப்பேன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். முதலில் தோன்றியதைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்ததுதான் நான் முன்பு செய்த பிழை.

எடுத்துக்காட்டு:

வெளிப்படையாக உள்ளே பதுங்கிய சேனை (2)

'பதுங்கிய' நடுவில் இருக்கிறது, கட்டளை. எதற்குள் பதுங்கியது? 'வெளிப்படையாக' என்ற சொல்லுக்குள். வெ-ளி-ப்-ப-டை-யா-க. உள்ளே 'படை'. சேனை என்பது நேரடிப் பொருள்.

இப்போது அதே விடைக்கு வேறொரு குறிப்பு:

தோலில் அரிக்கும் சேனை (2)

இங்கே கட்டளைச் சொல்லே இல்லை. சேனைக்கிழங்கு அரிக்கும் என்பதால் மனம் கிழங்குப் பக்கம் போகும். தோலில் வரும் நோய் படை, சேனையும் படை. இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டிய குறிப்பு.

5. ஒளிந்திருப்பதைத் தேடுவது

இதுதான் எளிய வகை. புதியவர்கள் ஒவ்வொரு புதிரிலும் முதலில் இதைத்தான் தேட வேண்டும். உள்ளே, நடுவே, பதுங்கிய, மறைந்த, அடங்கிய, கொண்ட, வயிற்றில், இவையெல்லாம் அடையாளச் சொற்கள். விடை ஒரே சொல்லுக்குள் இருக்கலாம், இரண்டு சொற்களின் எல்லையைத் தாண்டியும் இருக்கலாம்.

அரச திருமணத்தில் பதுங்கியிருக்கும் சூழ்ச்சி (2)

அ-ர-ச-தி-ரு-ம-ண... 'அரச' என்பதன் கடைசி எழுத்தும் 'திருமண' என்பதன் முதல் எழுத்தும் சேர்ந்தால் 'சதி'. சொற்களுக்கு இடையில் உள்ள இடைவெளிதான் கண்ணை ஏமாற்றுகிறது. குறிப்பை இடைவெளி இல்லாமல் நோட்டில் ஒரே வரிசையாக எழுதிப் பாருங்கள். கட்டம் போட்ட நோட்டை வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

நெடுக்குக் குறிப்புகளில் 'ஏறிய', குறுக்குக் குறிப்புகளில் 'திரும்பிய', 'பின்வாங்கிய' என்று வந்தால் ஒளிந்திருக்கும் சொல்லைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும்.

கைகுலுக்கியவரிடம் ஒளிந்து திரும்பிய மறைவிடம் (2)

கை-கு-லு-க்-கி... முதல் இரண்டைத் திருப்பினால் 'குகை'.

6. வெட்டுவதும் ஒட்டுவதும்

தலை, முகம், முகப்பு, தொடக்கம் என்றால் சொல்லின் முதல் எழுத்து. வால், கடைசி, அடி, பாதம், எல்லை என்றால் இறுதி எழுத்து. இடை, இடுப்பு, நெஞ்சு என்றால் நடு எழுத்து. 'முடி' என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். தலைமுடி என்றால் முதல் எழுத்து, முடிவு என்ற பொருளில் கடைசி எழுத்து. 'நுனி'யும் இரண்டு பக்கமும் பேசும். கரைகள், ஓரங்கள் என்று பன்மையில் வந்தால் முதலும் கடைசியும் சேர்ந்து.

தலைமறைவான வசதி, சூழ்ச்சி ஆனது (2)

வசதியின் தலை மறைந்தால் சதி. முதல் தடவை இதுபோன்ற ஒன்றைப் பார்த்தபோது, காவல்துறைக்குத் தண்ணீர் காட்டும் ஒருவனின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். 'தலைமறைவு' என்ற சொல்லைத் தலை, மறைவு என்று இரண்டாகப் பிரித்துப் படிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. தலைமறைவு, தலைகுனிவு, வாலாட்டம், அடிவருடி போன்ற கூட்டுச் சொற்களை எப்போதும் பிரித்துப் பாருங்கள்.

தர்மத்தின் தலை போய் மன்னனின் தலை ஏற, விளங்காத சங்கதி (4)

தர்மம் என்பதில் 'த' போகிறது. மன்னன் தலை 'ம' வருகிறது. மர்மம்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. குறிப்பில் இருப்பது 'தர்மத்தின்'. நமக்கு வேண்டியது 'தர்மம்'. வேற்றுமை உருபு ஏறும்போது மகர ஈற்றுச் சொல் உருமாறிவிடும். வெட்டி ஒட்டும் குறிப்புகளிலும் கலைத்துப் போடும் குறிப்புகளிலும் உருபைக் கழற்றிவிட்டு மூலச் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒளிந்திருக்கும் வகையில் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. அங்கே எழுதியிருப்பது எழுதியிருக்கிறபடியேதான். இந்த வேறுபாட்டை எனக்கு யாரும் சொல்லவில்லை. எத்தனையோ குறிப்புகளைச் சரியாகப் பிரித்தும் விடை வராமல் போனது இதனால்தான்.

செருகும் வகையும் இதன் உறவுதான்:

பாறைக்குள் சதிகாரன் தலை, படை தங்குமிடம் (3)

பாறை என்பதற்குள் 'ச'. பாசறை. இதே முறையில் சற்றுக் கடினமானது:

அக்குளில் முந்தானைத் தலைப்பைச் செருகிய ரகசியம் (5)

'ரகசியம்' ஓரத்தில் இருக்கிறது, பொருளாக இருக்கலாம். 'செருகிய' நடுவில், கட்டளை. எதை எதில்? முந்தானைத் தலைப்பு என்றால் புடவையின் தலைப்பு என்றுதான் படிப்போம். தலைப்பு, அதாவது தலையில் இருப்பது என்று எடுத்தால் 'மு'. அக்குளுக்கு இன்னொரு பெயர் கக்கம். க-க்-க-ம் என்பதில் முதல் எழுத்துக்குப் பின் 'மு'வைச் செருகினால் க-மு-க்-க-ம். கமுக்கம் என்றால் ரகசியம். இப்படி ஒன்று அவிழும் தருணத்துக்காகத்தான் மனிதர்கள் மணிக்கணக்கில் கட்டங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

7. கலைத்துப் போட்டவை

குழம்பிய, கலங்கிய, சிதறிய, சரிந்த, உடைந்த, கலவரத்தில், கூத்தாடிய. இவற்றில் ஒன்று இருந்து, பக்கத்தில் உள்ள சொற்களின் எழுத்தெண்ணிக்கை விடையின் எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தால், எழுத்துகளை இடம்மாற்ற வேண்டும்.

சரிந்த சிகரத்தில் யமன் முகம், வெளியே சொல்லாதது (5)

சிகரம் நாலு எழுத்து, யமனின் முகம் 'ய' ஒன்று, ஆக ஐந்து. சி-க-ர-ம்-ய என்பதைக் கலைத்தால் ரகசியம்.

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் பழக்கத்தோடு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. உயிரையும் மெய்யையும் தனித்தனியாகப் பிரித்துக் கலைக்காதீர்கள். 'சி' என்பது 'சி'யாகவே இடம் மாறும். மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது என்பதால், புள்ளி வைத்த எழுத்துகளை முதலில் பிரித்து வைத்துவிட்டு மற்றவற்றை நகர்த்தினால் வேலை சீக்கிரம் முடியும். எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுங்கள். பழைய சொல் கண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்காது.

8. இரட்டைப் பொருள்

ரகசியம் பற்றிய குறிப்புகளில் தமிழ் தன் முழு வளத்தையும் காட்டுவது இங்கேதான். இந்தக் குறிப்புகள் சிறியவை. மூன்று நாலு சொல்தான் இருக்கும், கட்டளைச் சொல் இருக்காது. சிறிய குறிப்பைக் கண்டால் இந்த வகையை முதலில் சந்தேகியுங்கள்.

வேதம், ஒளித்து வை (2)

மறை. பேரகராதியில் இந்தச் சொல்லைப் பாருங்கள். வேதம் உண்டு, ரகசியம் உண்டு. பட்டறையில் திருகாணி பொருந்தும் மரையையும் பலர் மறை என்றே எழுதுகிறார்கள், 'மறை கழன்றவன்' என்று ஊரில் சொல்வது அதை வைத்துத்தான். ஆகவே திருகு, ஆணி, பட்டறை என்று குறிப்பு பேசினாலும் மறை விடையாகலாம்.

வேவு பார், புள்ளி வைத்த எழுத்து (3)

ஒற்று. ஒற்றன் செய்வதும் ஒற்று, மெய்யெழுத்தும் ஒற்று, கண்ணில் ஒற்றிக்கொள்வதும் அதுவே. திருக்குறளில் 'ஒற்றாடல்' என்று 59ஆம் அதிகாரமே இருப்பதால், வள்ளுவர், குறள் என்று பேசும் குறிப்பிலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருட்டு, ஊரறியாக் காதல் (3)

களவு. அகப்பொருள் இலக்கணத்தில் களவு, கற்பு என்று பள்ளியில் படித்தது இங்கே உதவும்.

எச்சில் உமிழ், காவலர் தேடுவது (3)

துப்பு.

நொடியில் பூதக்கூட்டம் (3)

கணம். சிவபெருமானுக்குப் பூதகணங்கள் உண்டு என்பது தெரிந்தவர்களுக்கு உடனே விழும். அதேபோல் தில்லை, திரை, கூத்தன் என்று குறிப்பு பேசினால் சிதம்பர ரகசியத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சிதம்பரம் கோயிலில் திரைக்குப் பின்னால் பொன் வில்வமாலை மட்டும் தொங்கும் அந்த வெளியைத்தான் ரகசியம் என்கிறார்கள். 'தில்லைத் திரைக்குப் பின்னால் இருப்பது' என்று ஒரு குறிப்பு நேரடிப் பொருளாகவே முடிந்துவிடலாம்.

இனி, பென்சில் ஏன் என்பதற்கு வருவோம். விடை மூன்றெழுத்து, கடைசி இரண்டு கட்டத்தில் 'ள', 'வு' என்று ஏற்கெனவே விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். களவு, உளவு, அளவு, பிளவு நான்கும் பொருந்தும். முதலும் கடைசியும் 'உ', 'வு' என்று இருந்தால் இன்னும் மோசம்: உறவு, உணவு, உழவு, உளவு, உலவு, உதவு. களவும் உளவும் இரண்டுமே ரகசியம் சம்பந்தப்பட்டவை என்பதால் அரைகுறையாகப் பொருந்துவது போலவே தோன்றும். குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஒரு சொல் வேலையில்லாமல் மிஞ்சினால் உங்கள் விடை தவறு. நான் ஒரு புதிரில் 'உளவு' என்று பேனாவால் எழுதிவிட்டு, அதைக் குறுக்கே வெட்டிப்போன மூன்று விடைகளையும் இழந்தேன்.

9. புணர்ச்சி

ஒட்டுப் போடும் குறிப்புகளில் இரண்டு சொல் சேரும்போது சந்தி விதி வேலை செய்யும்.

பந்தியில் பரிமாறிய நகை, தேர்தலுக்குமுன் உருவாவது (4)

கூட்டு, அணி. கூ-ட்-டு-அ-ணி என்று ஐந்து எழுத்து வருகிறதே, கட்டம் நாலுதானே என்று நிற்க வேண்டாம். குற்றியலுகரம் கெட்டு 'கூட்டணி' ஆகிவிடும்.

மறுபக்கம், வலிமிகும் இடத்தில் தோன்றும் க், ச், த், ப் விடைக்குச் சொந்தமில்லாத எழுத்தாக இருக்கலாம்.

அந்தக் காவிரித் தீவு ஸ்ரீயை இழந்தது, பிறருக்குச் சொல்லாதது (7)

'அந்தக்' என்பதில் வேண்டியது 'அந்த' மட்டும். காவிரித் தீவு ஸ்ரீரங்கம், ஸ்ரீ போனால் ரங்கம். அந்தரங்கம், ஏழெழுத்து.

10. கட்டங்களே தரும் உதவி

எண் போட்ட கட்டத்தில் ஏதோ ஒரு விடை தொடங்குகிறது. எனவே அங்கே புள்ளி வைத்த எழுத்து வராது ('ஸ்தலம்' போன்ற வேற்றுமொழிச் சொற்களைத் தவிர). க், ச், ட், த், ப், ற் ஆகியவை தமிழ்ச் சொல்லின் கடைசியில் வருவதில்லை. 'ங்' விழுந்திருந்தால் அடுத்த கட்டம் அநேகமாக க வரிசை, 'ந்' என்றால் த அல்லது ந வரிசை, 'ஞ்' என்றால் ச அல்லது ஞ வரிசை. சங்கம், அந்தரங்கம் போன்ற விடைகளில் 'ங்' ஒன்று கிடைத்தாலே பக்கத்துக் கட்டம் பாதி நிரம்பியது மாதிரி.

11. நேரத்தை எப்படிப் பங்கிடுவது

இருபது இருபத்தைந்து குறிப்பு உள்ள மாதப் புதிருக்கு நான் நான்கு தடவை உட்காருகிறேன். முதல் தடவை இருபது நிமிடம். எல்லாக் குறிப்பையும் ஒருமுறை படித்து, ஒளிந்திருப்பவற்றையும் மிகச் சிறிய குறிப்புகளையும் மட்டும் பார்ப்பேன். ஐந்தாறு விடை விழும். இரண்டாவது முறை மறுநாள், முக்கால் மணி நேரம், வட்டம் போட்ட கட்டளைச் சொற்களோடு. மூன்றாவது முறைதான் அகராதியையும் நிகண்டையும் திறப்பேன். அதற்கு முன் திறந்தால் இணைச்சொற்களில் தொலைந்துபோவது நிச்சயம். நான்காவது முறை ஒரு வாரம் கழித்து. இடையில் குறிப்பின் கதை மனத்தைவிட்டுப் போயிருக்கும், சொற்கள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மூன்று புதிரில் பாதி நிரப்பினாலே நன்றாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். விடை வெளியானதும் விட்ட குறிப்புகளை நோட்டில் எழுதி, பக்கத்தில் 'கட்டளை' அல்லது 'பொருள்' என்று குறித்து வையுங்கள். இதற்கு மாதம் ஒரு அரைமணி போதும்.

பழக நான்கு

அ. அந்தப் பொருள்கள் கூடிய சபை (2)
ஆ. ராமருக்கு உதவியது வாலிழந்து குழுவானது (2)
இ. அடியில்லாக் குடம், வயல் கடைசியில் ரவுடிகள் (4)
ஈ. சிங்கத்தின் தலை போய்ச் சதிகாரன் தலை வர, சந்தா கட்டிச் சேருமிடம் (4)

விடைகள்

அ. அவை. சுட்டுப்பெயர் ஒன்று, சபை ஒன்று, இரட்டைப் பொருள்.
ஆ. அணி. அணிலின் கடைசி எழுத்து போகிறது. 'குழு' இங்கே பொருள்.
இ. கும்பல். குடம் என்பது கும்பம், அடி போனால் கும்ப, வயலின் கடைசி ல்.
ஈ. சங்கம். 'சிங்கத்தின்' என்பதில் உருபைக் கழற்றிச் சிங்கம் என்று எடுத்து, சி-யை நீக்கி ச-வை வைத்தது.